கோயில் தெருப் பள்ளிக்கூடம் இங்கிலீஷுக்கு மாறிய வருஷம்

எங்கள் தெருவுக்கு முதலில் கோயில் வந்தது, பிறகு பள்ளிக்கூடம். கரண்ட் வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். கோயில் என்று நாங்கள் சொல்வது மாதா கோயிலை. ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கோயில் என்றால் அம்மன் கோயில். ஊர் வேறு, தெரு வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் கொஞ்சம் நஞ்சை நிலமும் இருந்தன. வில்லியனூரிலிருந்து வரும் பஸ் ஊரோடு நின்றுவிடும். தெருவுக்கு வருகிறவர்கள் வரப்பில் நடந்து வரவேண்டும்.

பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர் கோயிலில் செபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உபதேசியார். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் போகாத காலம் அது. கோயிலை ஒட்டி ஒரு கூரைக் கொட்டகை. ஞானப்பாடத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு அப்படியே எழுத்தும் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று பங்குச் சாமியார் கேட்டாராம், இவரும் சொல்லிக்கொடுத்தார். என் அம்மா அங்கேதான் படித்தாள். படித்தாள் என்றால், மாடு ஓட்டிப் போகாத நாட்களில் போய் உட்கார்ந்தாள். பல வருஷம் போயும் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவள் தாண்டவில்லை. ஆனாலும் கடைசிவரை பூசைப் புத்தகத்தைத் தானே வாசித்தாள், எங்கேயும் கைநாட்டு வைக்கவில்லை.

எங்கள் குடும்பம் வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரரை ஆண்டை என்போம். நடவு நாளில் பிள்ளைகள் வேலைக்கு வரவில்லை என்று ஆண்டை ஒருமுறை உபதேசியாரைக் கூப்பிட்டு அனுப்பிப் பேசியிருக்கிறார். உபதேசியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, நடவு முடிகிறவரை கொட்டகையைச் சாத்திவைத்தார். முடிந்ததும் திறந்தார். வீரமாக எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் அப்படித்தான் பிழைத்துக் கிடந்தது.

நான் பிறப்பதற்குச் சற்று முன்னால் மடத்துக் கன்னியர்கள் வந்து பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டார்கள். கூரை போய் ஓடு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க உதவி கிடைத்தது, டீச்சர்களுக்கு அரசாங்கச் சம்பளம் வந்தது. நான் படித்தபோது மத்தியானம் கோதுமை ரவை உப்புமாவும், வெளிநாட்டுப் பால் பவுடரைக் கரைத்த பாலும் கொடுத்தார்கள். அந்தப் பாலின் வாசனை பிடிக்காத பிள்ளைகளும் சிஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பதால் குடித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருந்த கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். எங்களுடையதை அவர்கள் சேரிப் பள்ளிக்கூடம் என்பார்கள். அதைத் திட்டாக நாங்கள் எடுத்துக்கொண்டதில்லை, பஸ் கண்டக்டரும் அதையேதான் சொல்வார்.

எட்டாவது முடித்ததும் கன்னியர்கள் என்னைப் பாண்டிச்சேரியில் தங்கள் விடுதியில் சேர்த்தார்கள். பிறகு ஆசிரியர் பயிற்சி. அதுவும் முடிந்ததும் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்திலேயே வேலை கிடைத்தது. நான் உட்கார்ந்து படித்த ஓட்டு அறையில் நின்று பாடம் எடுத்தேன். முதல் நாள் மட்டும் கொஞ்சம் விநோதமாக இருந்தது. மறுநாளிலிருந்து அது வேலை.

அதற்குப் பிறகு எல்லாம் மெல்ல நகர்ந்தது. கரும்பு போட்டிருந்த நிலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் முளைத்தன. கல் நட்ட இடமெல்லாம் ஏதோ ஒரு நகர் ஆயிற்று. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அங்கே வீடு கட்டினார்கள். எங்கள் தெரு ஆண்கள் அந்த வீடுகளுக்கு சென்டரிங் போட்டார்கள், பெயின்ட் அடித்தார்கள், குழாய் மாட்டினார்கள். பெண்கள் நடவுக்குப் போவதை விட்டுவிட்டு வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போனார்கள். காலையில் கம்பெனி வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அது போன கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளை ஏற்ற ஸ்கூல் வேன் வரும், எல்லாம் வெளியூர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளின் வேன்கள்.

இதைப் பார்த்துத்தான் கன்னியர்களும் இங்கிலீஷ் பிரிவு தொடங்கினார்கள். புதிதாக வந்த தார் ரோட்டைப் பார்த்தபடி ஒரு மாடிக் கட்டடம். அதற்கான நிலத்தை ஆண்டை வீட்டிலிருந்துதான் வாங்கினார்கள். காம்பவுண்டு ஒன்று, நடத்துகிறவர்களும் ஒன்று. ஆனால் ரோட்டுப் பக்கம் இருப்பதை ஜனங்கள் கான்வென்ட் என்றார்கள், பின்னால் கோயில் பக்கம் இருந்த எங்கள் ஓட்டுக் கட்டடம் தெருப் பள்ளிக்கூடமாகவே இருந்தது. வாய்க்காலைத் தாண்டாத ஊர்க்காரர்களின் பிள்ளைகள் ரோட்டு வழியாகக் கான்வென்ட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

இங்கிலீஷ் பிரிவுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்க ஆள் போதவில்லை என்று வாரத்தில் சில பீரியடுகளுக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே ஆண்டை வீட்டுப் பையன் ஒருவன் படித்தான். ஒருநாள் அவனுடைய தாத்தா என்னைப் பார்க்க வந்தார். என் அப்பா வேலை செய்த காலத்தில் அவர்தான் வயலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவார். என் அம்மாவை வாடி போடி என்று பேசியவர். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் பேச ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, நீ..." என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "டீச்சர், பையனுக்குத் தமிழ் எழுத்தே வரமாட்டேங்குது. இங்கிலீசு நல்லாத்தான் எழுதுறான்."

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். பையனின் நோட்டைப் பிரித்துக் காண்பித்தேன். ல, ள, ழ பற்றி நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசினோம். வேறு எதையும் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது வரேன் டீச்சர் என்றார்.

தமிழ்ப் பிரிவு அதற்குள் தேய்ந்துகொண்டிருந்தது. ரிட்டயர் ஆன டீச்சர்களின் இடத்தில் புது ஆட்கள் வரவில்லை. இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்காரவைத்தோம், பிறகு மூன்றை. முடிந்த குடும்பங்கள் வேனில் அனுப்பின. முடியாதவர்களும், கோயில் பள்ளிக்கூடத்தை விட மனசில்லாதவர்களும்தான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் தலைமை ஆசிரியையாக வந்த சிஸ்டர் கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்தவர். அப்பா கட்டுமரக்காரர். வேகமாக நடப்பார், வேகமாக முடிவெடுப்பார். கோபம் வந்தால் அவருடைய கடற்கரைப் பேச்சு வந்துவிடும். ஒருநாள் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, வருகிற வருஷத்திலிருந்து தமிழ்ப் பிரிவு இருக்காது என்றார். இருக்கிற பிள்ளைகளை கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட ஏற்பாடு செய்யலாம், அங்கே புத்தகம், சாப்பாடு எல்லாம் கிடைக்கும், பெற்றோரிடம் நான்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்றார். நான் அந்தத் தெருக்காரி என்பதால் என் பேச்சு எடுபடும் என்பது அவர் கணக்கு.

இந்தப் பள்ளிக்கூடம் யாருக்காக ஆரம்பித்தது என்பதை நான் அவருக்குச் சொன்னேன். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"நாம மூடலைன்னா அதுவா மூடிரும் டீச்சர்," என்றார். "ஓடு ஒழுகுது. ஆள் இல்ல. ஒண்ணாங்கிளாசுல ஒரு பெஞ்சுகூட நிறையல. பேருக்குத் தெறந்து வச்சிக்கிட்டு பிள்ளைகளை ஏமாத்துறதவிட இது பரவால்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளைக் கான்வென்ட் பிரிவிலேயே சேர்க்கலாமே என்று கேட்டேன். அங்கே சேர நுழைவுத் தேர்வு உண்டு, பெற்றோரையும் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார்கள். அதில் தேறினால் சேரட்டும் என்றார். தேறமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் வீடு வீடாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடம் சொன்னேன். சிலர் சரி டீச்சர் என்றார்கள். சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருத்தி மட்டும் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள்.

அவள் என்னிடம் படித்தவள். வகுப்பில் யாராவது அடி வாங்கினால் எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்கிற பிள்ளை. எட்டாவதோடு நின்றுவிட்டாள், கல்யாணம் ஆயிற்று. திருபுவனைப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில், அட்டைகள் ஒழுங்காக ஒட்டி வருகின்றனவா என்று பார்த்து அனுப்புகிற வேலை. புருஷன் சென்டரிங் வேலை. மூத்த பெண் என் வகுப்பில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தது. கெட்டிக்காரப் பெண், வாய் ஓயாது. அடுத்தது பால்குடி மறந்த பையன்.

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"இன்னா டீச்சர், எங்க புள்ளைங்கள வெளிய அனுப்புறாங்களாமே?"

நான் சிஸ்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கவர்மென்ட் பள்ளிக்கூடமும் நன்றாகத்தான் நடக்கிறது என்றேன். அது தனக்கும் தெரியும் என்றாள். ஆனால் பள்ளிக்கூடம் எங்கேயும் போகவில்லையே, இங்கேயேதானே இருக்கிறது, நாம் மட்டும் ஏன் வெளியே போகவேண்டும் என்று கேட்டாள். இதுவரை தமிழில் படித்த பிள்ளையைத் திடீரென்று இங்கிலீஷில் தூக்கிப் போட்டால் திணறும் என்றேன்.

"ஒங்க புள்ள எங்க படிச்சுது டீச்சர்?"

என் மகன் பாண்டிச்சேரியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன். தெருவுக்கே தெரியும். நான் தமிழ்ப் பிரிவில் பாடம் எடுக்கப் போகும்போது அவன் எதிர்த் திசையில் பஸ் ஏறுவான்.

"பாண்டியிலதான்," என்றேன்.

"அதுக்குக் கஷ்டமா இல்லியா?"

"மொதல்ல இருந்திச்சு."

"அவ்ளோதான் டீச்சர்," என்றாள். பிறகுதான் உட்கார்ந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள். அவள் என்னைக் குத்திக்காட்ட வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது, வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள். கம்பெனிக்கு ஒரே வேனில் போகிறவர்கள் எல்லோரும். வேனில் போகும்போதே பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். சாமியார் இளவயசுக்காரர், சண்டையை விரும்பாதவர். சிஸ்டரைக் கோயில் மண்டபத்துக்கு வரச்சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். ஆண்கள் சிலர் சுவரோரம் நின்றார்கள்.

சிஸ்டர் என்னிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னார். ஓடு ஒழுகுவது, ஆள் இல்லாதது, கவர்மென்ட் பள்ளிக்கூடம். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் எழுந்தாள்.

"சிஸ்டர், தமிழுப் பிரிவ மூடாதீங்கன்னு நாங்க கேக்கல. அது ஒங்க இஷ்டம். எங்க புள்ளைங்களும் இங்கிலீசு படிக்கட்டும். ஆனா பரீட்சை வெச்சி, எங்களக் கூப்ட்டு வெச்சி இங்கிலீசுல கேள்வி கேட்டு எடுக்காதீங்க. எங்களுக்கு வராது. இந்தப் பள்ளிக்கூடம் எங்க தெருவுல கொட்டாயா இருக்கச்ச எங்கள யாரும் பரீட்சை வெச்சி எடுக்கல. இப்பவும் அப்படியே எடுங்க."

குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். சாமியார் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"எடுத்தா மட்டும் போதுமாம்மா? பின்னால தங்குற பிள்ளையை யாரு பாத்துக்கிடுவா?"

கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் திரும்பியதும் மண்டபத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்துச் சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்த இடத்தில் வேறு எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் ஞாபகம் இருக்கிறது.

அப்படித்தான் தெருப் பிள்ளைகள் தேர்வு இல்லாமல் கான்வென்ட் பிரிவில் சேர்ந்தார்கள். பீஸை மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும் என்றார்கள். நுழைவாயிலில் தமிழ்ப் பிரிவின் பெயர் எழுதியிருந்த இடத்தில் லீவு நாட்களில் வெள்ளை அடித்துவிட்டார்கள். தினமும் மணி அடிப்பதற்கு முன்னால் ஓட்டு அறையில் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தேன். நான் இங்கிலீஷ் டீச்சர் இல்லை. பயிற்சியில் படித்ததும், மகனுக்காக உட்கார்ந்து படித்ததும்தான் என் கையிருப்பு.

முதல் வாரம் அவர்களுக்கு என்னென்ன இங்கிலீஷ் வார்த்தை தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். வீட்டில் அப்பா அம்மா பேசுவதைச் சொல்லுங்கள் என்றேன். பிளாட், லோடு, சென்டரிங், பேஸ்மென்ட், ஷிப்ட், ஓவர்டைம், பேட்ச், சீல், எக்ஸ்பயரி என்று வந்துகொண்டே இருந்தது. போர்டு நிறைந்துவிட்டது. பிள்ளைகளுக்கே ஆச்சரியம். வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அதைக் கோத்து ஒரு வாக்கியம் சொல்வதுதான் வரவில்லை. பேட்ச் எங்கே இருக்கிறது, சீல் யார் வைத்தது என்றெல்லாம் வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். அந்த வருஷம் முழுக்க எங்கள் இங்கிலீஷில் மாத்திரை வாசனையும் சிமென்ட் வாசனையும் அடித்தது.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பையன் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டே இருப்பான், யார் சிரித்தாலும் அவனும் சேர்ந்து சிரிப்பான். அரையாண்டுக்குள் அவன் கான்வென்ட் பிள்ளையாகவே ஆகிவிட்டான். பெரிய வகுப்புகளில் சேர்ந்த சிலர் பொங்கலுக்கு முன்னாலேயே கவர்மென்ட் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். யாரும் யாரையும் அனுப்பவில்லை. ஒருநாள் வராமல் இருப்பார்கள், அடுத்த வாரம் வேறு யூனிபாரத்தில் தெருவில் நடந்து போவார்கள்.

மண்டபத்தில் எழுந்து பேசியவளுடைய பெண் நான்காம் வகுப்பில் சேர்ந்தது. என்னுடைய காலை வகுப்பில் நன்றாக வாசிக்கும். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆனால் மணி அடித்து மாடிக் கட்டடத்துக்குப் போனதும் வாயைத் திறப்பதில்லை என்று அந்த வகுப்பு டீச்சர் வந்து சொன்னார். இளம்பெண், அக்கறையாகத்தான் சொன்னார். வகுப்பில் இங்கிலீஷில்தான் பேசவேண்டும் என்பது கான்வென்ட் பிரிவின் விதி. இந்தப் பெண் தமிழிலும் பேசவில்லை, இங்கிலீஷிலும் பேசவில்லை. இன்டர்வெல்லிலும் பேசுவதில்லை. என் வகுப்பில் வாய் ஓயாமல் பேசிய பெண் அது.

நான் சிஸ்டரிடம் போனேன். விதியைக் காப்பாற்றுவார் என்றுதான் நினைத்துப் போனேன். அவர் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். கன்னியர் மடத்தில் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷில்தான் பேசவேண்டுமாம். உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பல மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டாராம். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. தெருப் பிள்ளைகள் தமிழில் பேசினால் எதுவும் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே மாடிக் கட்டடத்தில் சொல்லிவிட்டார். அந்த டீச்சரும் அப்படியே நடந்துகொண்டார். பெண் அப்போதும் பேசவில்லை.

அம்மாக்காரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். டீச்சரிடம் சத்தம் போட்டாள். பிறகு என்னிடம், காலையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றாள். பிறகு பெண்ணிடம், வாயில் இன்னா வெச்சிருக்க என்று கேட்டாள். பெண் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றது. யாராவது அடித்தார்களா, கேலி செய்தார்களா என்று தனியே கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டியது.

வருஷக் கடைசியில் எழுத்துத் தேர்வில் நன்றாகத்தான் எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் போயிற்று. ஆனால் காலையில் யூனிபாரம் போட்டதும் வாந்தி எடுக்கத் தொடங்கியது. வில்லியனூர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆயுதபூஜை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அந்தப் பெண் வரவில்லை. சாயந்திரம் அம்மாக்காரி என் வீட்டுக்கு வந்து, கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"அவ சோறு துன்னா போதும் டீச்சர்," என்றாள்.

தெருவில் பேச்சு வந்தது. மண்டபத்தில் எழுந்து பேசி வாங்கினவளே பிள்ளையை எடுத்துவிட்டாள் என்று சொன்னார்கள். குழாயடியில் ஒருத்தி நேராகவே கேட்டிருக்கிறாள். அதற்கு அவள் சொன்ன பதிலை எனக்கு இரண்டு மூன்று பேர் வந்து சொன்னார்கள், எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும்.

"சண்ட போட்டது எல்லாப் புள்ளைங்களுக்கும். எடுத்தது என் புள்ளைக்கு."

அடுத்த ஜூன் மாதம் அவள் சின்னப் பையனைக் கான்வென்ட்டில் எல்.கே.ஜி.யில் சேர்த்தாள். தேர்வு வைக்கவில்லை, அவளிடமும் எதுவும் கேட்கவில்லை. சிஸ்டர் அந்த வருஷத்தோடு மாற்றலாகித் திருநெல்வேலிப் பக்கம் போனார். போவதற்கு முன் தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவள் வீட்டில் மட்டும் உட்கார்ந்து காபி குடித்தார் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

காலை வகுப்பை நான் ரிட்டயர் ஆகிறவரை எடுத்தேன். கடைசி வருஷங்களில் அதற்குத் தேவை இருக்கவில்லை. தெருப் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்தே அங்கே படித்ததால் அவர்களுடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வருகிற பிள்ளைகளிடம் நான் ழகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே இறகுப்பந்து விளையாட ஒரு கூடம் கட்டினார்கள். பள்ளிக்கூடம் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் அங்கே டீச்சர்கள். வாய்க்கால் சிமென்ட் கால்வாய் ஆகிவிட்டது, நடுவிலிருந்த நஞ்சையில் வீடுகள் வந்துவிட்டன. பஸ் கண்டக்டர் எங்கள் ஸ்டாப்பைக் கான்வென்ட் என்று கூப்பிடுகிறார். கவர்மென்ட் பள்ளிக்கூடமும் இப்போது இங்கிலீஷ்தான். அப்போது யாரோ ஒருவர் கொஞ்சம் பொறுங்கள், எல்லாமே மாறப்போகிறது என்று சொல்லியிருந்தால் நாங்கள் மண்டபத்தில் கூடியிருக்கமாட்டோமோ என்னவோ. கூடியிருப்போம் என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பெண் கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கொஞ்ச நாளில் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். அங்கே இறைவணக்கத்தில் செய்தி வாசிப்பது அவள்தான் என்று யாரோ சொன்னார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை செய்கிற படிப்புப் படித்து, இப்போது பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறாள். போன ஈஸ்டருக்கு மறுநாள் சர்க்கரை பார்ப்பதற்காக என் வீட்டுக்கே வந்தாள். ரத்தம் எடுத்துவிட்டு முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினாள். பேச்சு கான்வென்ட் பக்கம் போயிற்று. தம்பி பன்னிரண்டாவது எழுதியிருக்கிறான் என்றாள். அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், கேட்காமலே தன்னைப் பற்றிச் சொன்னாள்.

"நான் பேசாம இருந்தது பயத்துல இல்ல டீச்சர். யாரும் ஒண்ணும் சொல்லல. அம்மா அவ்ளோ பேர் முன்னாடி எழுந்து நின்னு எங்கள சேத்துது இல்ல? நான் தப்பா ஒரு வார்த்த பேசினாக்கா, இதுங்களுக்கு வராதுன்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். எல்லாரையும் அனுப்பிடுவாங்கன்னு. அதான் வாயே தொறக்கல."

அப்போது அவளுக்கு ஒன்பது வயசு இருக்கும். நான் தினமும் காலையில் அவளைப் பார்த்தேன். தனியே கூப்பிட்டு, அடித்தார்களா, கேலி செய்தார்களா என்றுதான் கேட்டேன். இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

உன் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க டீச்சர். அது இன்னும் அந்தக் கதையத்தான் எல்லார்கிட்டயும் சந்தோஷமா சொல்லிக்கினு இருக்குது."

சொல்லமாட்டேன் என்றேன். கையிலிருந்து பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. ஊசியையும் டியூபையும் பையில் வைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டை நாளைக்கு போனில் அனுப்புகிறேன், காலையில் நடக்கிறீர்களா இல்லையா என்று என்னைக் கொஞ்சம் அதட்டிவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள்.